பதினெட்டாம் எண்ணும் முப்பத்தேழு நிமிடமும்

அக்டோபர் 18, சனிக்கிழமை. மாலை 5 மணி 31 நிமிடம். நூலகத்தின் மாடி அரங்கு. போட்டிருக்கும் நாற்காலிகள் எண்பது. உட்கார்ந்திருப்பவர்கள் அறுபத்து நான்கு பேர், பின்சுவரில் சாய்ந்து நிற்பவர்கள் ஒன்பது பேர். கேமராப் பையோடு வந்திருப்பவர்கள் இருபத்தொரு பேர். அந்த இருபத்தொரு பேரும் என்னைப் பார்ப்பதைவிட மேற்கு ஜன்னலைத்தான் அதிகம் பார்க்கிறீர்கள். பாருங்கள், தப்பில்லை. நானும் மேடை ஏறுவதற்கு முன் போனில் ரேடார்ப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அதில் தெரிந்த வேகத்தில் வந்தால் ஆறேகாலுக்குள் புயல்மேகம் நம் தலைக்கு மேல் இருக்கும். அதற்குள் முடித்துவிடுவேன்.

தலைமை தாங்கும் மன்றத் தலைவர் பல் மருத்துவர் ஐயா அவர்களே! நீரேற்று நிலையத்திலிருந்து வந்து மேடையில் அமர்ந்திருக்கும் மேற்பார்வையாளர் அவர்களே! முதல் வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, பக்கத்தில் மடியில் கேமராவை வைத்துக்கொண்டிருக்கும் அண்ணன் மகளே! வான்பட மன்றத்தின் உறுப்பினர்களே, அண்ணனோடு பம்ப் அறையில் ஷிப்ட் பார்த்த தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம். எனக்கு நான்கு நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இருபது நிமிடம் எடுப்பேன். பிறகு சண்டை வேண்டாம் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

யாருக்காகக் கூடியிருக்கிறோம்? குடையண்ணனுக்காக. இருபத்தாறு வருடம் இந்த ஊருக்குத் தண்ணீர் ஏற்றிய பம்ப் ஆபரேட்டருக்காக. பதினோரு வருடம் வானத்தைப் படம் எடுத்த மனிதருக்காக. மழை வந்தால் நாம் தலைக்குக் குடை பிடிப்போம். அவர் கேமராவுக்குப் பிடிப்பார். தான் தொப்பலாக நனைந்து, மூக்கு நுனியில் நீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, "எனக்கு சளி புடிச்சா மாத்திரை இருக்கு, இதுக்குப் புடிச்சா என்ன பண்றது?" என்பார். அதனால் வந்த பெயர் அது. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இடி இருக்கும் நேரத்தில் அவர் குடையோடு வெளியே நின்றதே இல்லை. மின்னலை எல்லாம் பம்ப் அறை ஜன்னலுக்கு உள்ளேயிருந்துதான் எடுத்தார். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகாமல் வாசற்படி தாண்டமாட்டார். நம்மில் எத்தனை பேர் அப்படி இருக்கிறோம்? கை தூக்க வேண்டாம். எனக்குத் தெரியும்.

அக்டோபர் 2 அன்று, மதியம் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் பேருந்தில், ஜன்னலோர இருக்கையில் அவர் இதயம் நின்றது. தலை கண்ணாடியில் சாய்ந்து, முகம் மேல்நோக்கி இருந்திருக்கிறது. கடைசி நிறுத்தம் வரை யாரும் எழுப்பவில்லை. நடத்துனருக்கு அவரை நன்றாகத் தெரியும். வழக்கம்போல மேகம் பார்க்கிறார் என்று விட்டுவிட்டார். அண்ணி இதைச் சொன்னபோது அழவில்லை. கோபப்பட்டார். "அன்னிக்கு வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லப்பா. மேகமே இல்லாத வானத்த அவர் எதுக்குப் பாக்கப்போறாரு? ஒருத்தர் தோளத் தட்டி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம். அந்த நடத்துனரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அண்ணனின் கணக்கைக் கேளுங்கள். பதினோரு வருடத்தில் சூரியனைச் சுற்றிய ஒளிவட்டம் எடுத்த நாட்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. சூரியனுக்குப் பக்கத்தில் இன்னொரு சூரியன்போல் தெரியுமே, போலிச் சூரியன், அது அறுபத்தொரு நாட்கள். மின்னல் எடுத்த இரவுகளும் பகல்களும் தொண்ணூற்று நான்கு. இரட்டை வானவில் பதினேழு. படுக்கை வில் ஒன்று. ஒன்றே ஒன்று!

படுக்கை வில் என்பது நாம் வைத்த செல்லப் பெயர். மழையில் வருவதில்லை அது. உயரத்தில் இருக்கும் மெல்லிய மேகத்தில் பனித்துகள்கள் தட்டையாகக் கிடக்கும்போது, சூரியனுக்கு வெகு கீழே, அடிவானத்துக்கு இணையாக ஒரு வண்ணப்பட்டை நீளும். வளையாது. பாய் விரித்ததுபோல் படுத்திருக்கும். அதற்கு ஒரு கட்டாயம் உண்டு. சூரியன் ஐம்பத்தெட்டு டிகிரிக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் அது வரவே வராது. நம் ஊரில் அந்த உயரம் சில மாதங்களில், நண்பகலையொட்டிய சில மணி நேரம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் சரியான மேகமும் வர வேண்டும். பதினோரு வருடம் காத்திருந்து அண்ணனுக்குக் கிடைத்தது, இந்த ஏப்ரல் 21 அன்று.

அந்த ஒரே படத்தை, மே மாதம் இதே அரங்கில் நடந்த நம் கண்காட்சிச் சுவரிலிருந்து இறக்கியவன் நான்.

தலைவர் ஐயா ஒரு துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். 'நல்லதை மட்டும் பேசவும்' என்று எழுதியிருக்கிறது. ஐயா, நல்லதைப் பேசத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வருகிறேன். பொறுங்கள்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் கூடத்தில் இருக்கிறேன். தராசு, வெப்பமானி, பிரஷர் கேஜ் எல்லாம் வரும். எது எவ்வளவு தப்பாகக் காட்டுகிறது என்று கண்டுபிடித்து ஓர் அட்டையில் எழுதிக் கட்டி அனுப்புவேன். அந்தத் தகுதியால்தான் மன்றத்தில் என்னைப் படச் சரிபார்ப்பாளர் ஆக்கினீர்கள். வரும் படம் உண்மைதானா, சொல்லும் நேரத்தில் சூரியன் எங்கே இருந்தது, எல்லாம் நான் பார்க்க வேண்டும். அண்ணனின் படத்துக்குள் பதிந்திருந்த நேரம் 10.21. கணக்குப் போட்டேன். 10.21க்குச் சூரியன் ஐம்பத்தைந்து டிகிரியில்தான் இருந்தது. மூன்று டிகிரி குறைகிறது. ஆகவே அது படுக்கை வில் இல்லை, அல்லது படத்தில் கை வைத்திருக்கிறார். இந்த முடிவுக்கு வர எனக்கு ஆன நேரம் இருபது நிமிடம்.

தலைவர் ஐயா அப்போது போனில் சொன்னார். "அவரையே ஒரு வார்த்த கேட்டுட்டு முடிவு பண்ணலாமே தம்பி."

"கணக்குல கேக்கறதுக்கு என்ன இருக்கு டாக்டர்?" என்றேன்.

ஐயாவும் அதோடு விட்டுவிட்டார். சீட்டு அனுப்புவதில் காட்டும் விடாப்பிடியை அன்றைக்குக் காட்டியிருக்கலாம். சரி, அது என் தப்புதான். உங்கள் பங்கு சிறியது.

படத்தை இறக்கினேன். மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பார்க்க ஒரு வரி எழுதினேன். 'கேமரா பொய் சொல்லாது, ஆள் சொல்லலாம்.' நாற்பத்தாறு பேர் அதைப் பார்த்தீர்கள். பதினோரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள். யார் யார் என்று என்னிடம் பட்டியல் இருக்கிறது, படிக்கமாட்டேன். அண்ணன் என்ன பதில் போட்டார்? கத்தினாரா? மன்றத்தைவிட்டு விலகினாரா? இல்லை. ஒரே வரி போட்டார்: 'நோட்டப் பாக்க வாப்பா. டீ இருக்கு.'

நான் போகவில்லை. எனக்கு நேரம் இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். படம் தொங்கிய இடத்தில் பதினெட்டாம் எண் ஆணி மட்டும் நின்றது. பதினேழுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் அந்த வெறுமையை மூன்று நாள் கண்காட்சி முழுக்க எல்லோரும் பார்த்தார்கள். அதோ, இடதுபக்கச் சுவர். ஆணி இன்னும் இருக்கிறது.

மணி 5.40. மேற்கே கறுப்பு இறங்கிவிட்டது. கடைசி வரிசையில் முக்காலியைப் பிரிக்கும் சத்தம் கேட்கிறது. பிரிக்கட்டும். யாரும் எழுந்து போகாதீர்கள், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 9 அன்று ஆற்றுப்பாலத்தில் நான் எடுத்த படம் ஞாபகம் இருக்கிறதா? இடி ஓய்ந்த பிறகு, மழைத்தாரைக்குப் பின்னால் சூரியன் வந்து, பாலமே தங்கமாகத் தெரிந்ததே. எத்தனை பாராட்டு எனக்கு! அந்தப் படத்தில் தெரியாத ஒன்றை இன்றைக்குச் சொல்கிறேன். என் கேமராவுக்கு மேல் இருந்தது அண்ணனின் குடை. அவர் தன் கேமராவைப் பைக்குள் போட்டு மூடிவிட்டு எனக்குக் குடை பிடித்தார். 'ஆள் பொய் சொல்லலாம்' என்று எழுதிய எனக்கு!

"அண்ணே, நீங்களும் எடுங்க. இந்த வெளிச்சம் நிக்காது."

"நீ எடு, நீ எடு. லென்ஸுல ஒரு சொட்டு இருக்கு பாரு, தொடச்சிக்கோ." துடைத்தேன். "எப்பப்பா வர்ற, நோட்டுப் பாக்க?"

"வர்றேண்ணே. இந்த வேல முடியட்டும்."

"எந்த வேல?"

எந்த வேலை என்று எனக்கே தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டுக் குடையை இன்னும் கொஞ்சம் என் கேமரா பக்கம் சாய்த்தார். அவர் தோளில் மழை வழிந்தது. அதுதான் அவரிடம் நான் கடைசியாகப் பேசியது.

அக்டோபர் 7 அன்று அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொன்னால் அது பொய். இன்றைய கூட்டத்தில் திரையில் ஓட்டுவதற்கு அவர் படங்களை எடுத்து வரச் சொல்லித் தலைவர் அனுப்பினார். போனேன். அண்ணி கதவைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா அந்தத் தம்பி? அஞ்சு மாசமா வருவே வருவேன்னு பாத்தாரு. இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?"

"சாரி அண்ணி..."

"என்கிட்ட எதுக்கு சாரி? நானா வானத்துல படுத்திருந்தேன்? உள்ள வா."

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துப் படங்களைத் தேட ஆரம்பித்தேன். ஒளிவட்டம், மின்னல், மேகம். நடுவில் மாதத்துக்கு ஒரு படம் சம்பந்தமே இல்லாமல் வந்தது. ஒரு பெண்பிள்ளை கேமராவைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாள். ஒரு மாதம் முன்பல் இல்லை. சில மாதம் கழித்துப் பாதிப் பல். ஒரு படத்தில் பள்ளிச் சீருடை, ஒன்றில் காய்ச்சல் போர்வை, ஒன்றில் தூக்கக் கலக்கம். வாய் மட்டும் எல்லாவற்றிலும் திறந்திருக்கிறது. தலைவர் ஐயா, உங்களுக்குப் பயன்படும், பல் விழுந்து முளைத்த வரிசை முழுவதும் இருக்கிறது! நான் என்ன நினைத்தேன் தெரியுமா? குடும்பப் படம், தேவையில்லை என்று ஒதுக்கித் தள்ளினேன்.

பிறகு கேமராவைக் கையில் எடுத்தேன். அதில் மணியைப் பார்த்தேன். என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கேமரா முப்பத்தெட்டரை நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. என் விரல் தானாக அமைப்புப் பொத்தானுக்குப் போனது. தப்பான மணியைப் பார்த்தால் உடனே திருத்திவிடும் விரல் இது.

"தொடாதீங்க!"

அண்ணன் மகள்தான். கையில் இருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தாள். "அதுல மணிய மட்டும் யாரும் மாத்தக் கூடாது. அப்பா திட்டுவாரு." சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அண்ணி சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு அவள் நோட்டுகளைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டாள். மூன்று நோட்டு. அண்ணன் அந்தக் கேமராவை வாங்கியது ஒரு ஜூன் முதல் தேதி. அன்றைக்கு மணியைச் சரியாக வைத்தார். அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, ரேடியோவில் ஏழு மணிச் செய்திக்கு முன்னால் வரும் கடைசி பீப் ஒலிக்கு மகள் "இப்ப!" என்று கத்துவாள். அந்தக் கத்தலில் அவர் பொத்தானை அழுத்துவார். படத்தில் பதிந்த நேரத்துக்கும் ஏழு மணிக்கும் எவ்வளவு வித்தியாசமோ, அதை நோட்டில் எழுதுவார். மாதத்துக்குப் பதினேழு வினாடி பின்தங்கும் கேமரா அது. எட்டு வயதில் ஆரம்பித்தவள், இப்போது அவளுக்குப் பத்தொன்பது. நூற்று முப்பத்தேழு முறை அவள் கத்தியிருக்கிறாள்! நூற்று முப்பத்தேழு படங்கள்! நான் ஒதுக்கித் தள்ளிய திறந்த வாய் ஒவ்வொன்றும் ஒரு சரிபார்ப்புச் சான்று.

"இதெல்லாம் எதுக்கு, மணிய ஒரு தடவ திருப்பி வெச்சா தீந்துச்சேனு நான்கூடக் கேட்டிருக்கேன்," என்றாள் மகள். "முள்ளத் திருப்புனா பழைய கணக்கெல்லாம் அனாதையாயிடும், பிழைய எழுதி வெச்சா எல்லாம் சொந்தமா இருக்கும்னு சொல்லுவாரு. பம்ப் ஹவுஸ்லயும் அப்படித்தானாம்."

அப்படித்தான். அங்கே நான்காம் பம்ப்பின் கேஜ் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். முள்ளை யாரும் தொடமாட்டார்கள். பக்கத்தில் எவ்வளவு கூடுதல் என்று ஓர் அட்டை தொங்கும். அந்த அட்டையை எழுதிக் கட்டியவன் யார் தெரியுமா? நான்! என் கூடத்திலிருந்து போன அட்டை, என் கையெழுத்து. நாளெல்லாம் இதே வேலையைச் செய்கிறவன். எந்தக் கருவி வந்தாலும் 'இதன் பிழை எவ்வளவு?' என்றுதான் முதலில் கேட்பேன். ஒரு மனிதரின் கேமராவிடம் மட்டும் கேட்கவில்லை. அந்த மனிதரிடமும் கேட்கவில்லை.

ஏப்ரல் பக்கத்தில் ஒரு பேருந்துப் பயணச்சீட்டை அடையாளமாக வைத்திருந்தார். எனக்காக. நான் வந்தால் தேட வேண்டாம் என்பதற்காக. ஏப்ரல் 1, முப்பத்தாறு நிமிடம் ஐம்பது வினாடி. மே 1, முப்பத்தேழு நிமிடம் ஏழு வினாடி. ஆக, ஏப்ரல் 21 அன்று முப்பத்தேழு நிமிடம். கேமராவின் 10.21 உண்மையில் 10.58. அப்போது சூரியன் எங்கே? அறுபத்தொரு டிகிரியில்! ஐம்பத்தெட்டு போதும். மூன்று டிகிரி மிச்சம்!

"இத அவர் குழுவுல ஒரு வரி எழுதியிருந்தா முடிஞ்சிருக்குமே அண்ணி. ஏன் எழுதல?" கேட்டேன். அப்போதும் எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது.

அண்ணி டீயை மேசைமேல் டக்கென்று வைத்தார். "நானும் கேட்டேன். 'சொன்னா அது என் பேச்சு. அவன் கணக்குப் பாக்கற பையன், பேச்ச நம்ப மாட்டான், நோட்டத்தான் நம்புவான், வரட்டும்'னாரு. உன்னப் பத்தி உயர்வா நெனச்சாருப்பா. அதான் எனக்கு ஆறல."

எனக்கும் ஆறவில்லை.

மேற்பார்வையாளர் அவர்கள் இங்கே இருக்கிறார். போன வாரம் அவரிடம் போய் ஏப்ரல் 21 பதிவேட்டைக் கேட்டேன். முதலில் முறைத்தார், பிறகு எடுத்துத் தந்தார். பதினொரு மணிக் கணக்கு அண்ணன் கையெழுத்தில் இருக்கிறது. நான்கு பம்ப்பின் அழுத்தமும் சரியாக எழுதி, ஓரத்தில் பொடி எழுத்தில், '10.58, சூரியனுக்குக் கீழே படுக்கை வில், ஆறு நிமிடம் நின்றது' என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே சிவப்பு மையில், 'இது வானிலைப் பதிவேடு அல்ல.' சிரிக்காதீர்கள், அந்தச் சிவப்பு மைக்காரர் பக்கத்தில்தான் இருக்கிறார். ஐயா, நீங்கள் அதைக் கிழித்துப் போடாமல் திட்டி மட்டும் வைத்தீர்களே, அதற்கு நன்றி. சுவரில் ஓடும் கடிகாரத்தைப் பார்த்து எழுதிய இரண்டாவது சாட்சி அது.

எப்பேர்ப்பட்ட மனிதர்! பதினோரு வருடம் ஒரு தப்பான மணியை மறைக்காமல், திருத்தாமல், ஒவ்வொரு வினாடிக்கும் கணக்கு வைத்துக்கொண்டு வாழ்ந்த மனிதர்! அவரையா பொய்யர் என்றேன்? இருபது நிமிடத்திலா சொன்னேன்? ஐந்து மாதம் கதவு திறந்திருந்ததே, டீ இருந்ததே, நோட்டுப் பக்கத்தில் அடையாளம்கூட இருந்ததே, போனேனா? அவர் வீடு எத்தனை தூரம்? பேருந்தில் பதினான்கு நிமிடம்!

அவர் திரும்பி வந்து இதைக் கேட்கப்போவதில்லை. மேலே இருந்து பார்க்கிறார் என்று சொல்லி என்னைத் தேற்ற வேண்டாம். மேலே என்னென்ன இருக்கிறது என்று நம் மன்றத்துக்கு நன்றாகவே தெரியும். பனித்துகள் இருக்கிறது, நீர்த்துளி இருக்கிறது. கேட்கிறவர்கள் இங்கே முதல் வரிசையில் இருக்கிறார்கள். அண்ணி, அண்ணன் மகளே, நாற்பத்தாறு பேர் பார்க்க எழுதியதை எழுபத்து மூன்று பேர் கேட்கத் திருப்பிச் சொல்கிறேன். படம் உண்மை. நேரம் உண்மை. அண்ணன் உண்மை. தப்பு என்னுடையது.

முதல் இடி. கேட்டதா? தூரம்தான், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். மணி 5.50. சொன்னபடி முடிக்கிறேன். அண்ணனின் வேலையைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசிய எல்லோரும் சொல்லி அமர்ந்தார்கள். எப்படித் தொடர்வது என்று யாரும் சொல்லவில்லை. நான் செய்யப்போவது இவை:

1. இறங்கியவுடன், அதோ அந்தப் பதினெட்டாம் எண் ஆணியில் படத்தை மாட்டுவேன். சட்டம் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். அட்டையில் எழுதியிருப்பது: ஏப்ரல் 21, நேரம் 10.58. கேமரா மணி 10.21. பிழை 37 நிமிடம், பதிவு உண்டு.

2. இன்றைக்கே அதே குழுவில் என் பழைய வரிக்குக் கீழேயே திருத்தத்தை எழுதுவேன். பழைய வரியை அழிக்கமாட்டேன். தப்பும் இருக்கட்டும், எவ்வளவு தப்பு என்பதும் பக்கத்தில் இருக்கட்டும்.

3. மூன்று வருடத்தில் நான் தள்ளிய படங்கள் மொத்தம் இருபத்து நான்கு. அண்ணனுடையது போக இருபத்து மூன்று. திங்கள் முதல் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து, முதலில் உங்கள் கேமரா மணியைக் கேட்பேன். பின்வரிசையில் இருமுகிறவரே, முதல் வீடு உங்களுடையது.

4. நவம்பர் 1 காலை ஏழு மணிக்கு அண்ணி வீட்டில் இருப்பேன். மகளிடம் அனுமதி கேட்டுவிட்டேன். "ஆறு அம்பதுக்கு வரணும். லேட்டா வந்தா கதவத் தெறக்க மாட்டேன்" என்றிருக்கிறாள். அவள் கத்துவாள், நான் அழுத்துவேன். நூற்று முப்பத்தெட்டாவது படம். மணியைத் திருப்பமாட்டேன்.

5. இப்போது அவள் மடியில் இருக்கும் அந்தக் கேமராவை மேற்கு ஜன்னலில், கண்ணாடிக்கு உள்பக்கமாக, முக்காலியில் ஏற்றப்போகிறோம். முதல் மின்னலை அவள் எடுப்பாள். இருபத்தொரு பேரும் வழி விடுங்கள்.

6. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மொட்டைமாடிக் கதவைத் திறப்பேன். அப்போதும் தூறிக்கொண்டிருந்தால், குடை கேமராவுக்கு.